கூலிங்கிளாஸ் போட்ட திருஷ்டி பொம்மை

கடலூரில் கிளம்பியதிலிருந்து, ரோட்டோரம் விசித்திரமாக எது கண்ணில் பட்டாலும் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டே போனேன். சிதம்பரம் தாண்டி கீரப்பாளையம் பக்கம், கட்டிமுடிக்காத ஒரு வீட்டின் முன்னால் கூலிங்கிளாஸும் பூப்போட்ட சட்டையுமாக வைக்கோல் திருஷ்டி பொம்மை நின்றது.

கேமராவைத் தூக்கியதும் அந்த வீட்டுக்கார அம்மா, கையில் ஒட்டிய சிமென்ட்டோடு ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பொம்மையின் சட்டைக் காலரை நேராக்கிவிட்டு, "இப்ப எடுங்க சார்" என்றார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதே காலரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார்.

கிளம்பும்போது, "வீட்டப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்களே, பொம்மையத்தான் பாத்தேன்" என்று அசடு வழிந்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும் சார். போறவங்க வர்றவங்க கண்ணெல்லாம் இவன் மேலயே வுழட்டும்."

அந்த வீட்டுக்கு மாடி இருந்ததா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது.