ஞானப்பூ எங்கள் பூட்டி

ஜீவனஹள்ளி வீட்டில் எங்கள் தகரப் பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு மழைக்காலம் முழுவதும், அப்பாவின் தங்கை ரோஸ்லின் அத்தை அந்தப் பெட்டியும் கையுமாகவே இருந்தாள்.

காரணம் ஒரு சம்பந்தப் பேச்சு. கூட வேலை பார்த்த ஆரோக்கியராஜை அத்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தது; அவருக்கும் அப்படித்தான். பெண் பார்க்க லிங்கராஜபுரத்திலிருந்து வந்த அவருடைய அப்பா, காபியை உறிஞ்சிக்கொண்டே எங்கள் பூர்வீகத்தைத் தோண்டினார். எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பெற்ற ஞானப்பூ, வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பின்னால் கைக்குழந்தையோடு நடந்தே இந்தக் கன்டோன்மென்ட் வட்டாரத்துக்கு வந்தவள் என்பதற்கு மேல் அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எந்த ஊரு, என்னா பொழப்புன்னே தெரியாத வூட்ல எப்பிடிங்க கை நனைக்கறது? யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்தார் பெரியவர். யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அத்தை அழவில்லை, பெட்டியைத் திறந்தாள்.

கல்யாணப் பத்திரம், சாவுச் சீட்டு என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். ஞானப்பூவின் பெயர் மகனுடைய ஞானஸ்நானப் பத்திரத்தில், "தாய்" என்ற வரியில் மட்டும் இருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "அதெல்லாம் இப்போ எதுக்கும்மா, சும்மா இரு" என்று வாயை மூடிக்கொண்டார்கள். எவர் வீட்டிலோ எடுபிடி வேலை செய்திருப்பாள், கிளறினால் மானம் போகும் என்று அவர்களுக்குப் பயம்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா ஒரு நாள் தன் வீட்டுப் பழைய ஞானஸ்நானப் பத்திரம் ஒன்றைப் படித்துக் காட்டச் சொல்லி அத்தையிடம் கொண்டுவந்தார். அதில் "ஞானத்தாய்" என்ற இடத்தில், "மருத்துவச்சி ஞானப்பூ" என்று எழுதியிருந்தது. அத்தை போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் எங்கள் பத்திரங்களையே குடைந்துகொண்டிருந்தோம்; அவளோ அடுத்தவர் பத்திரங்களில் இருந்தாள். பிரசவம் பார்த்த பிள்ளைகளுக்கே, ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்கும் ஞானத்தாயாகவும் நின்றிருக்கிறாள். நீலசந்திராவில் அத்தையின் சிநேகிதிகள் வீடுகளில் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அங்கேயும் அவள்தான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, அப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஞானப்பூவின் பிழைப்பு இன்னதென்று சொல்ல அத்தை லிங்கராஜபுரம் போனாள். அப்பா வாசலிலேயே தயங்கினார். பெரியவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "எங்க வம்சத்துல மொதல் ஆளோட ஞானஸ்நானப் பத்திரம். இந்த மாதிரி ஆதாரம் உங்ககிட்ட ஒண்ணாவது இருக்கா?"

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். இங்கிலீஷ் கூட்டெழுத்தை அடிவரை படித்தவள், கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு திரும்பினாள். எங்கள் சபையில், சாகக் கிடக்கும் சிசுவுக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

"மாமா, இத அடிவரிக்கும் யாராச்சும் படிச்சிருக்கீங்களா?"

"பேரு மேலயே இருக்கே, அப்புறம் என்னா?"

அத்தை கணீரென்று தமிழில் சொன்னாள்: "பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்து. வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்துக் குழந்தையைப் பிழைக்க வைத்தவர், மருத்துவச்சி ஞானப்பூ."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து வந்து படாரென்று சிரித்துவிட்டார். "ஏங்க, அந்தம்மா இல்லன்னா நீங்களே ஏது? ஊரு கேக்கறாராம் ஊரு!" பெரியவர் அத்தைக்குக் கை கொடுத்து ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டு, "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் தேதி பேசலாம்" என்றார். அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஜீவனஹள்ளி வீடு போய்விட்டது, அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. தகரப் பெட்டியும் எங்கேயோ தொலைந்தது. வீட்டில் பிரசவம் பார்ப்பாரும் இல்லை. லிங்கராஜபுரத்து மருமகளான அத்தைக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது, வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று இழுத்தால், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள்:

"உங்க வூட்டுப் பழைய பத்திரத்த எடுத்துட்டு வாங்க, பாத்து சொல்றேன்."