பாய்மரத்தடி வெள்ளி

திரேஸ்புரத்தில் பிலோமினா சித்தியிடம் காசு காட்டப் போகிறவன் முதலில் கையைக் கழுவ வேண்டும். கழுவாமல் நீட்டினால் காசைப் பார்க்க மாட்டாள், நீட்டியவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குச் செத்த சாளை மீன்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

சித்திக்குத் துறைமுக வாசலில் ஆப்பக்கடை. சின்னப் பெண்ணாக இருந்தபோது, முத்துக்குளிப்பு நடந்த கடைசி வருஷங்களில், தன் அப்பாவோடு உட்கார்ந்து முத்துக்குத் தரம் பிரித்திருக்கிறாள். பிறகு கடலில் சிப்பி விளையவில்லை. கண் சும்மா இருக்குமா? கப்பல்காரர்கள் கொண்டுவரும் நினைவு வெள்ளிகள் மேல் போய் விழுந்தது. ராஜா முடிசூட்டினால் ஒன்று, ராணி ஐம்பது வருஷம் ஆண்டால் ஒன்று என்று, வெள்ளைக்காரனுக்குத் தும்மல் வந்தாலும் வெள்ளியில் அடிக்க வேண்டும். சித்தி அவற்றுக்கும் முத்துத் தரத்தையே வைத்தாள். குறையே இல்லாதது ஆணி. உற்றுப் பார்த்தால் மட்டும் குறை தெரிவது அணதாரி. அப்படியே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் தூள்.

ஒரு தடவை நான் காலணா ஒன்றைத் தண்டவாளத்தில் வைத்து ரயிலை ஏற்றினேன். தட்டையானதைப் புகையில் காட்டி, "சித்தி, டச்சுக்காரன் காசு, மண்ணுல கெடந்துச்சு" என்று நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தூளு. ஆனா மணியாச்சி வண்டி நல்ல கனம்லே" என்று காதைத் திருகினாள்.

சித்தியின் அப்பா அவளுக்கு விட்டுப்போனது டில்லி தர்பார் வெள்ளி இரண்டு. ராஜாவும் ராணியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சுற்றிலும் ரோஜாப்பூ வளையம். யார் கொடுத்தது என்று கேட்டால் தடவைக்கு ஒரு துரை பேர் வரும். ஒன்று டிரங்குப் பெட்டியில். இன்னொன்று சிலுவை சித்தப்பாவின் வள்ளத்தில், பாய்மரத்துக்கு அடியில். எங்கள் பக்கம் வள்ளம் கட்டினால் பாய்மரம் நிற்கும் குழியில் அதிர்ஷ்டத்துக்கு வெள்ளி வைப்பது வழக்கம். மெழுகுத் துணியில் சுற்றி வைத்து மரத்தை இறக்கிவிட்டால், பிறகு அதைத் தொடக்கூடாது.

அந்த மரத்தில்தான் பாய் இல்லை. யுத்தத்தில் கித்தான் துணி எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. சித்தப்பாவின் பாய் கிழிந்து, தைத்து, தைத்த இடமும் கிழிந்து கந்தலாயிற்று. சொந்த வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டு அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனார். போகும்போதும் வரும்போதும் தன் வள்ளத்தின் பக்கம் திரும்பவே மாட்டார். அதைப் பற்றி மட்டும் நான் யாரையும் கேலி செய்ய விட்டதில்லை.

இந்த நேரத்தில் நார்வே கப்பல் இஞ்சினியர் ஒருவர் ஆப்பம் தின்ன வந்தார். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் பிச்சையா கூடவே வந்து அவர் பேச்சைத் தமிழாக்கினான். துரை நினைவு வெள்ளி சேர்க்கிறவர். தர்பார் வெள்ளி ஆணித் தரத்தில் கிடைத்தால், ஒரு முழுப் பாய்க்கு வேண்டிய புதுக் கித்தான் தருவாராம். மறுநாள் உச்சிக்கு அவர் லாஞ்சில் ஏறிக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார், கப்பலும் போய்விடும்.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா பல்லெல்லாம் தெரிய டிரங்குப் பெட்டிக் காசைக் கொண்டுவந்தார்.

"ஏளா பிலோமி, பாத்தியா? எப்பிடி மின்னுது!"

சித்தியின் கையிலிருந்த அகப்பை நின்றது. "என்னத்தப் போட்டுத் தேய்ச்சீரு?"

"புளி. பொறவு அடுப்புச் சாம்பல். அப்பயும் கருப்பு போகல. ஒரு கை கடக்கர மண்ணு."

"மண்ணா? யய்யா, ராஜாவுக்குச் சவரம் பண்ணி வச்சிருக்கீரே!"

உண்மைதான். தாடி போயே போய்விட்டது. ராணி கிரீடத்தில் ஒரு கல்கூட இல்லை. பளபளப்பு மட்டும் சோப்புப் போட்ட முகம் மாதிரி இருந்தது.

துரை வந்தார், பார்த்தார், இரண்டு விரலால் காசைத் திருப்பித் தள்ளினார். சித்தப்பா குனிந்து தன் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"சித்தி, சவரம் பண்ணாத ராஜா ஒருத்தரு வள்ளத்துல ஒக்காந்திருக்காரே" என்றேன்.

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். வள்ளம் அவருடையது. அவர் தலையைத் தூக்கி, வள்ளம் கிடந்த பக்கம் திரும்பினார். பிறகு, "பாயே இல்லாத மரத்துக்கு அதிர்ஷ்டம் எதுக்கு? ஆனா குழிய வெறுமனே விடக்கூடாதுளா" என்றார்.

"நீரு தேய்ச்ச ராஜா எதுக்கு இருக்காரு? அவர ஒக்கார வையும்!"

அவ்வளவுதான், ஓட்டம்! சித்தி முன்னால், அகப்பை கையோடே. பிச்சையா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு. மரம் உப்பில் ஊறி இறுகிக் கிடந்தது. கயிறு போட்டு இழுத்தோம், அசையவில்லை. துரை கோட்டைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டு அவரும் பிடித்தார். ஒரு முனகல், ஒரு ஆட்டம், மரம் மேலே வந்தது! மெழுகுத் துணியைச் சித்தி தன் நீல லேஞ்சிக் கைக்குட்டையில் வைத்துப் பிரித்தாள்.

காசு சிப்பியின் உள்பக்கம் மாதிரி கருநீலமாய் இருந்தது. விளிம்பில் பிடித்து வெயிலில் மெல்லச் சாய்த்தாள். வெளிச்சம் வளையமாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. தாடி மயிர் மயிராய் இருந்தது. துரை மூச்சு விட மறந்தார். சித்தப்பா கையை நீட்டிக் காற்றிலேயே பாயை அளந்துகொண்டிருந்தார்.

சித்தியின் கட்டைவிரல் விளிம்பில் ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு பொட்டு மெழுகு ஒட்டியிருந்தது. விரலை அவள் எடுக்கவில்லை. சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நகத்தால் மெழுகைச் சுரண்டினாள். கீழே கடுகளவு ஒரு நசுங்கல், மரத்தின் கனம்.

"சொல்லு பிச்சையா, அணதாரி."

"யக்கா, ஆருக்கும் தெரியாதுக்கா. சும்மா இரேன்" என்று பிச்சையா பல்லைக் கடித்தான்.

"எனக்குத் தெரியும்லா? இவரு இத ஊரூராக் காட்டுவாரு. தரம் சொன்னது ஆருன்னு கேப்பான். திரேஸ்புரத்து ஆப்பக்காரின்னு சொல்லுவாரு. சொல்லுலே!"

சொன்னான். துரை நசுங்கலைத் தேடிக் கண்டுபிடித்து, வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பேச்சு பேச்சுதான். ஆணிக்குத்தான் முழுப் பாய். அணதாரிக்கு முக்கால் பாய்க்குத்தான் கித்தான் கொடுத்தார்.

பளபளத்த ராஜா மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம் பாய் ஏறியது. முழங்கால் தெரிய வேட்டி கட்டியதுபோல் மரத்தில் முக்கால் தூரம்தான் வந்தது.

"ஏலே சிலுவை, வள்ளத்துக்குக் கோவணமா கட்டிருக்க?" என்று கரையே சிரித்தது.

"கட்டுனவன் நானு. ஒனக்கு என்னல கூச்சம்?" என்று சித்தப்பா திருப்பிக் கத்தினார். அவர் வள்ளத்திலிருந்து, அவர் குரலில்! கச்சான் காற்று பிடித்துத் தள்ள, குட்டைப் பாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது.

சித்தி கடையை விட்டு அசையவில்லை, கடல் பக்கம் பார்க்கவும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லுகிறாள். அடுப்பில் ஆப்பம் மட்டும் கருகிப் போயிருந்தது. அதை என் இலையில் போட்டாள்.

"சித்தி, இது என்ன தரம்?"

"வாய மூடித் தின்னுலே."

தின்றேன். அணதாரிக்குக் குறையாது.