பின் வரிசை விசில்

எங்கள் உழவர்கரை தெருவில் எனக்கு ஜோக்கர் என்றுதான் பெயர். நான் சிரித்தால் மோட்டார் பம்ப் ஸ்டார்ட் ஆகிற சத்தம் வரும் என்பாள் மனைவி. மகளுக்கு காலேஜில் சீட் கிடைத்த சந்தோஷத்தில், மூவரும் புதுச்சேரி டவுனுக்கு சினிமா பார்க்கப் போனோம். போஸ்டரில் காலேஜ் இருக்கிறது, மகளுக்குப் பொருத்தமான படம் என்று டிக்கெட் எடுத்த அறிவாளி நான்தான்.

படத்தில் பையன்கள் லேடீஸ் ஹாஸ்டல் குளியலறையை எட்டிப் பார்க்க, ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடி வழுக்கி விழுந்தாள். தியேட்டரே விசிலடித்தது. என் பம்பும் ஸ்டார்ட் ஆனது.

மகள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, பின் வரிசைப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் எழுந்துவிட்டாள்.

"நான் காலேஜுக்குப் போகலப்பா."

"அது வெறும் படம்டி."

"படத்துக்கு யாரு பயந்தா? விசிலடிச்சவங்க கூடதான நான் படிக்கணும்?"

"அவனுங்க கெடக்கறானுங்க, பொறுக்கிப் பசங்க."

"நீயுந்தான சிரிச்ச?"

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் நான், பாதிப் படத்தோடு இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அவள் அம்மா நாள் கணக்கில் கெஞ்சிய பிறகுதான் காலேஜுக்குப் போனாள். வாசலில் வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இப்போதெல்லாம் தியேட்டரே சிரித்தாலும், யார் சிரிக்கவில்லை என்று முதலில் பார்க்கிறேன். வீட்டு டிவியில் அந்த மாதிரி காட்சி வந்தால், மகள் இன்னமும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.