சாட்சி சொன்ன தலைவலி

தபீதாள் டீச்சருக்குத் தலைவலி போனது சபையில் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் வீடு, தாம்பரத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர் வேலை. வயது நாற்பத்தேழு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. மாதத்தில் நாலைந்து முறை வரும். வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு மாதம், முழுசாக ஒரு மாதம், டீச்சருக்குத் தலை வலிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார் என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னார். அதில் பொட்டுப் பொய் கிடையாது. சபையின் மாதப் பத்திரிகையில் போட்டோவோடு போட்டார்கள்.

பத்திரிகை வீட்டுக்கு வந்த அதே வாரம் தலைவலியும் வந்து சேர்ந்தது.

வந்தால் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போட்டோ போட்ட பிறகு சொல்லிப் பாருங்கள், தெரியும்! அந்த வெள்ளிக்கிழமையே பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு அம்மா, "டீச்சர், எனக்கும் மைக்ரேன். கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்று தலையைக் கொண்டுவந்து நீட்டினார். டீச்சருக்கு இடது பொட்டில் சுத்தியல் இறங்கிக்கொண்டிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்தார். அன்றிலிருந்து சபையில் யாருக்குத் தலை வலித்தாலும் தபீதாள் டீச்சரிடம்தான் அனுப்பினார்கள்.

அப்புறம் மாத்திரைதான். காலையில் காப்பியோடு ஒன்று, மூன்றாம் பீரியடுக்கு முன்னால் ஒன்று, வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் கூடவே இன்னொன்று. வலித்தால் போடுவது போய், வலித்துவிடுமோ என்று போடுகிற நிலைமை வந்துவிட்டது. ஒரே கடையில் வாங்கினால் கணக்குத் தெரிந்துவிடும் என்று சானடோரியத்தில் ஒரு கடை, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடை, சேலையூரில் ஒரு கடை என்று முறை வைத்து வாங்கினார். அட்டையை ஒளிக்க அவர் பிடித்த இடத்தைக் கேளுங்கள்: ஜிப் வைத்த பைபிள் உறைக்குள்! அறிவியல் டீச்சருக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். மானம் போகிற இடத்தில் அறிவியல் முன்னால் வந்து நிற்காது. இத்தனைக்கும் வலி குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. மாதத்தில் நாலு நாள் வலித்த தலை தினமும் வலித்தது.

கடைசியில் மாட்டிவிட்டது ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர். டீச்சரின் கணவர் எலியேசர், தனக்கு இருமல் மருந்து வாங்கப் போனவர், "டீச்சர் வூட்டுக்காரர்தானே? இன்னா சார், வழக்கமா வாங்குற தலைவலி அட்டை நாலும் சேர்த்துக் குட்த்துடவா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தார். வீட்டில் சத்தம் போடவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் நரம்பு டாக்டர் தினகரனிடம் டோக்கன் போட்டுவிட்டு, "சாயந்திரம் கிளம்பு" என்று மட்டும் சொன்னார்.

"மாசத்துல எத்தனை நாள் வலிக்குது மேடம்?" என்று கேட்டார் டாக்டர்.

"முப்பது நாள்."

"மாத்திரை?"

"அதுவும் முப்பது நாள்தான் சார்."

"பிப்ரவரியில கொஞ்சம் கம்மி," என்றார் எலியேசர். டாக்டர் சிரிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் சொன்னார். "மூளையில ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. உங்களுக்கு இப்ப ரெண்டு தலைவலி. ஒண்ணு உங்களோடது, இன்னொண்ணு மாத்திரையோடது. வலி மாத்திரையை அடிக்கடி போட்டா அதுவே வலியைக் கூப்பிட்டுக்கிட்டு வரும். இன்னியோட அதை நிறுத்தணும். மொதல் பத்து நாள் ரொம்பப் பேஜாரா இருக்கும். தாங்கிக்க வேற மருந்து தரேன், வராம தடுக்க ராத்திரிக்கு ஒண்ணு தரேன். அந்தப் பத்து நாளைத் தாண்டிட்டீங்கன்னா வழி இருக்கு."

கட்டி கிட்டி இல்லை என்றதும் உயிர் வந்தது டீச்சருக்கு. ஆட்டோவில் ஏறியதும் அது பாதியாகப் போய்விட்டது. பத்து நாள் படுத்துக் கிடந்தால் சபையில் எல்லோரும் வந்து பார்ப்பார்களே! தலைவலி போனதாகச் சாட்சி சொன்னவள் தலைவலியில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் என்ன ஆவது?

"வைரல் ஃபீவர்னு சொல்லிக்கலாம் தபி," என்றார் எலியேசர்.

மூன்றாம் நாள் வாந்தி. மாடி வீட்டில் மிக்ஸி ஓடினால் மண்டைக்குள் ஓடியது. "ஒண்ணே ஒண்ணு குடுங்க, இனிமே கேட்கவே மாட்டேன்" என்று கணவரின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் எல்லா அட்டையையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னதும், விசுவாசி வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. எலியேசர் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் சாயந்திரம் ஐக்கியத்துப் பெண்கள் நாலு பேர், ஆரஞ்சுப் பழமும் பிரெட்டுமாக வந்துவிட்டார்கள். அபிகாயில் அக்கா ஐக்கியத்தின் தலைவி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஜோசலின் போன வருஷம்தான் சபையில் சேர்ந்தவள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் எழுந்திருச்சு வாங்க டீச்சர். பழைய பத்திரிகையில உங்க சாட்சியைப் படிச்சேன். எனக்கு எவ்ளோ தைரியம் தெரியுமா? ஒரு வாரமா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன். விசுவாசம்தான்."

டீச்சர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இத்தனை நாள் தன் மானம் ஒன்றுதான் போகப்போகிறது என்று நினைத்திருந்தார். இங்கே ஒருத்தியின் உயிர் போய்விடும் போலிருந்தது.

"இன்னிக்கே அதைப் போடு ஜோசலின். நாளைக்கு முதல் வேலையா டாக்டரைப் பாரு. எனக்கு எங்க போச்சு? ஒரு மாசம் போச்சு, திரும்பி வந்துடுச்சு. மூணு வருஷமா ஒளிச்சு ஒளிச்சு மாத்திரை முழுங்குறேன். அதாலதான் இப்படிக் கிடக்கேன். வைரலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

எலியேசர் வாசலில் காப்பித் தட்டோடு நின்றுவிட்டார். அபிகாயில் அக்கா மட்டும் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "தெரியும்டி," என்றார்.

"என்னக்கா தெரியும்?"

"நீ பைபிள்ல சங்கீதம் திருப்புறப்பல்லாம் கவருக்குள்ள மாத்திரை அட்டை சரசரங்குது. இருபத்தெட்டு வருஷம் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்தவடி நான்."

"அப்ப ஏன் கேட்கல?"

"கேட்டா நீ கூட்டத்துக்கு வரதையே நிறுத்திடுவ. அதான் நீ கிளம்பினப்புறம் நாங்க கொஞ்ச நேரம் உக்காந்து, உன் தலைக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ரெண்டு வருஷமா நடக்குது. இந்த ஜோசலினுக்குத் தெரியாது, பிள்ளையை டியூஷன்லேர்ந்து கூட்டிட்டு வர ஓடிடுவா." அப்புறம் ஜோசலின் பக்கம் திரும்பினார். "பிரஷர் மாத்திரையை நிறுத்துன்னு எந்த வசனத்துலம்மா போட்டிருக்கு? கிளம்பு, வழியில டாக்டரைப் பார்த்துட்டே போயிடலாம், நானும் வரேன்."

டீச்சர் அழுதார். அழுதால் தலை இன்னும் வலிக்கும் என்று தெரிந்தே, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.

பதினோராம் நாள் காலையில் கண் விழித்தபோது எதையோ தொலைத்துவிட்டது போலிருந்தது. பல் தேய்த்து, பாதிக் காப்பி குடித்த பிறகுதான் அது என்னவென்று புரிந்தது.

"ஏங்க, வலிக்கலைங்க!"

"சந்தோஷம். பத்திரிகைக்குச் சொல்லிடாத," என்றார் எலியேசர்.

முழுசாகப் போய்விடவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இப்போது பழையபடி மாதத்தில் மூன்று நாள், நாலு நாள். வலித்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்து வைக்கிறார். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை கிடையாது. ஜோசலின் ஒழுங்காக பிரஷர் மாத்திரை போடுகிறாள், மறந்தால் அபிகாயில் அக்கா போனில் பிடித்துக்கொள்கிறார்.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் பாதி நடக்கும்போது டீச்சருக்கு இடது கண்ணில் வெளிச்சம் கோணல்மாணலாக ஆடத் தொடங்கியது. பைபிளை மூடி வைத்தார்.

"எனக்குத் தலை வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

ஜோசலின் ஆட்டோ பிடிக்க எழுந்தாள். அபிகாயில் அக்கா அவளை உட்கார வைத்தார். "ரெண்டு நிமிஷம் இருடி தபீதா. இன்னிக்கு ஜெபத்தை நீ இருக்கும்போதே பண்ணிடுறோம்."

ஏழெட்டுக் கைகள் டீச்சரின் தலைமேல் வந்து விழுந்தன.

"அக்கா, மெதுவா," என்றார் டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "வலிக்குது."