யாராவது ஒருத்தர் என் மகளைத் தூக்க வேண்டும்

என் மகள் தொட்டால் அழுவாள். தூக்கினால் அழுவாள். துணி மாற்றினால், தலை துவட்டினால், மடியில் போட்டால் அழுவாள். பசியில் அழுவது வேறு. இது வலியில் வருகிற அழுகை. நாலைந்து மாதக் குழந்தை தன் அம்மா கை நீட்டினால் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தோம்.

சகோதர சகோதரிகளே, என் பெயர் சகாயராஜ். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பெயிண்டர் வேலை. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று இதைச் சொல்கிறேன்.

மகள் அமலி போன வருஷம் ஐப்பசி மழையில் பிறந்தாள். நல்ல நிறம், நல்ல எடை. மார்கழிப் பனி தொடங்கினதும் கன்னம் இரண்டும் சொரசொரப்பானது. பனிக்கு எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே என்று நினைத்தோம். பிறகு கழுத்து மடிப்பு, முழங்கை, முழங்கால் பின்பக்கம். தோல் சாம்பல் மாதிரி உதிரும். அடியில் சிவப்பாக இருக்கும். சொறிந்து சொறிந்து நீர் வடியும். கைக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டோம். தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டாள். காலையில் பார்த்தால் துணியில் ரத்தப் பொட்டு இருக்கும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டினோம். கஸ்தூரி மஞ்சள் பூசினோம். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை நல்ல சூட்டோடு ஊற்றினோம். அதற்கு மேல் பவுடர். யார் எதைச் சொன்னாலும் செய்தோம். குளித்து முடித்தால் தோல் இன்னும் வெடிக்கும். பிறகு செஞ்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் நானே கேட்டு ஒரு டியூப் களிம்பு வாங்கி வந்தேன். தடவிய சில நாளில் தோல் பட்டு மாதிரி ஆகிவிட்டது. லூர்து, என் மனைவி, குழந்தையின் கன்னத்தைத் தடவித் தடவிச் சிரித்தாள். டியூப் தீர்ந்தது. போனதெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

என் அக்கா பிலோமினா அதே தெருவில்தான் இருக்கிறாள். கெட்ட மனசுக்காரி இல்லை. ஆனால் வாய் நிற்காது.

"இன்னாத்த தின்னுட்டு பால் கொடுக்கற நீ? மீனு, கத்திரிக்கா எதுனா தொட்டியா? உன் பாலுதான் புள்ளைக்குச் சேரல."

லூர்து மீனை நிறுத்தினாள். முட்டையை, கத்திரிக்காயை, பருப்பை நிறுத்தினாள். கடைசியில் ரசமும் சோறும்தான். இளைத்துப் போனாள். பாலும் குறைந்தது. குழந்தைக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

தை மாதக் கடைசியில் ஞானஸ்நானம் வைத்தோம். ஞானத்தாயாக நிற்க வந்தவள் லூர்துவின் சொந்த சித்தி மகள். குழந்தையை வாங்குவதற்கு முன்பு தன் கைமேல் ஒரு டவலை விரித்துக்கொண்டாள். "ஒட்டிக்கிச்சின்னா என் புள்ளைங்களுக்கும் வந்துடும், அதான்" என்றாள். லூர்து அன்றோடு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பேச்சையும் நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் எது கொடுத்தாலும் அவளுக்கு வெஷமாத்தான் போவுது. நான் தொட்டாலே கத்துது. என்னை வேணாங்குது எம் புள்ள. நான் எதுக்கு?"

அதற்குப் பிறகு வேலைக்குப் போனாலும் மனசு வீட்டில்தான். அவள் குழந்தையோடு தனியாக இருக்கிறாளே என்று பயம். எதற்குப் பயந்தேன் என்று இங்கே சொல்ல வேண்டாம். உங்களுக்கே புரியும்.

தவக்காலத்தில் எங்கள் கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை எனக்கு வந்தது. மத்தியான நேரம், ஆள் இல்லை. சாரத்தின் மேல் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு என் மகள் கன்னம்தான் கண்ணில் தெரிந்தது. கை ஓடவில்லை. அப்படியே பீடத்தைப் பார்த்து நின்றேன். மண்டி போடக்கூட இடம் இல்லாத பலகை.

"ஆண்டவரே, குணமாக்கும், குணமாக்கும் என்று கேட்டுக் கேட்டு என் வாய் ஓய்ந்துவிட்டது. இனிமேல் அதைக் கேட்கவில்லை. முகம் சுளிக்காமல் யாராவது ஒருத்தர் என் குழந்தையைத் தூக்க வேண்டும். அவள் அழாமல் இருக்க வேண்டும். லூர்து அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

நம்பிக்கையோடு கேட்டேன் என்று சொன்னால் அது பொய். கேட்டுவிட்டு மறுபடி சுவரைத் தேய்த்தேன்.

பங்குனி அமாவாசைக்குச் சில நாள் முன்பு தோலில் சீழ்க் கொப்புளம் வந்தது. செஞ்சி மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பச்சிலையைக் கருக்கி எண்ணெயில் குழைத்துப் பூசுவார் என்று சொன்னார்கள். போகலாமா என்று லூர்துவைக் கேட்டேன். "எங்கனா கூட்டினு போ" என்றாள். கிளம்பிய நாள் அமாவாசை என்று யோசிக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பாதி பஸ் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டது. எங்கள் ஊர் பக்கமே வராத கூட்டமெல்லாம் அங்கே நின்றது. கையில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும். நாங்கள் போக வேண்டிய பஸ் வரவே இல்லை. வெயில் ஏறியது. குழந்தை உடம்பு கொதித்தது. தலை தொங்கியது.

"அம்மை வாத்திருக்குது, இதப் போயி பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கியாந்துக்கினு" என்று ஒருவர் ஒதுங்கினார். சுற்றி நின்றவர்களும் விலகினார்கள். லூர்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா கூட்டத்தை விட்டு வந்தார்கள். கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்கள்.

"இப்டிக் குடு தங்கச்சி."

கொடுப்பதற்கு முன்பே தூக்கிக்கொண்டார்கள். டவல் இல்லை, ஒன்றும் இல்லை. குழந்தையைத் தோளில் சாய்த்து, வெடித்த அந்தக் கன்னத்தின் மேல் தன் கன்னத்தை வைத்தார்கள். அமலி அழவில்லை. காய்ச்சலில் அழத் தெம்பில்லாமல் இருந்திருக்கலாம். அதையும் நான் யோசித்திருக்கிறேன். ஆனால் அழவில்லை. லூர்து தரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது அம்மை இல்ல தம்பி. என் பெரிய புள்ளைக்கு அச்சு அசல் இப்டியேதான் இருந்துச்சி. வறண்ட தோலு. ஆனா இப்ப சீழ் வெச்சி ஜொரம் கண்டிருக்குது. இத எடுத்துக்கினு எங்க போற நீ? ஆஸ்பத்திரிக்கு நட."

அந்த அம்மாவோடு வந்தவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டு கத்தினார்கள். "அஞ்சல, பஸ்ஸு எடுக்கறான், வரியா இல்லியா?"

"நீங்க போங்க. ஆத்தா எங்க போயிடப் போறா? அடுத்த அமாசைக்கு வரேன்."

செஞ்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அஞ்சலை அக்கா அதிலும் ஏறிக்கொண்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னார்கள். ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கின பிறகு எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். இந்தத் தோலில் ஈரம் தங்காது, பிறவியிலேயே அப்படி. கொதிக்கிற தண்ணீர், மாவு, மஞ்சள், வாசனைச் சோப்பு எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒத்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். பருத்தித் துணிதான் போட வேண்டும். ரொம்பச் சிவந்த இடத்துக்கு மட்டும் அவர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து, அதுவும் அவர்கள் சொல்கிற நாள் வரைக்கும்.

லூர்து ரொம்ப நாள் கழித்துத் தானாக வாய் திறந்தாள். "என் பாலுதான் சேரலன்னு சொன்னாங்க டாக்டர்."

"யார் சொன்னது? உன் பால்ல ஒரு குறையும் இல்ல. நீ நல்லா சாப்பிடு, மீன் சாப்பிடு. இது உன்னால வந்தது இல்லம்மா."

லூர்து அழுதாள். அஞ்சலை அக்கா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. நான் கேட்டது என் ஆண்டவரிடம். அவர் அனுப்பிய ஆள் மலையனூருக்கு நேர்ந்துகொண்டு வந்த அம்மா. இதற்கு விளக்கம் எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

முழுசாகக் குணமானதா என்று கேட்பீர்கள். இல்லை. வளர வளரக் குறையலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார்கள். இந்த மார்கழியிலும் கன்னம் வெடித்தது. சில நாள் களிம்பு பூசிப் பூசி அலுத்துப்போகிறது. தெருவில் பார்க்கிறவர்கள் இன்னமும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். லூர்து சில ஞாயிறு கோயிலுக்கு வருவாள், சில ஞாயிறு வரமாட்டாள். அவளை நான் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அமலி தூங்குகிறாள். அம்மாவைப் பார்த்தால் கை நீட்டுகிறாள். நான் கேட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது. என் ஆண்டவருக்கு நன்றி.

உங்களில் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள் இருப்பீர்கள். பெரிதாகக் கேட்க முடியவில்லை என்றால் சின்னதாகக் கேளுங்கள். நம்பிக்கை இல்லாமல் கேட்டாலும் அவருக்குக் கேட்கிறது, என்னிடம் அதைத்தான் காட்டினார். இன்னொன்றும் சொல்கிறேன். பஸ்ஸிலோ கோயிலிலோ இப்படித் தோல் உரிந்த ஒரு குழந்தையைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். அது ஒட்டாது. யாராவது வரமாட்டார்களா என்று அதன் அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.