கொச்சிக்குப் போகாதவன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரத்தில் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஜெனிஷின் தங்கை ஷைனி போனில் கூப்பிட்டாள். "அண்ணே, ஜெனிஷண்ணனுக்க சர்டிபிகேட் வந்தாச்சு" என்றாள். என்ன சர்டிபிகேட் என்று கேட்டேன். "மரிச்ச சர்டிபிகேட்டு" என்றாள். ஏழு வருடங்களுக்கு முன்பு, பதினேழு வயதில் காணாமல் போன என் நண்பன், அவன் அப்பா கொடுத்த மனுவில் கோர்ட் உத்தரவு போட்டதால் இப்போது இறந்திருக்கிறான். குழாயை மூடாமலே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்தான் மூடினார்.

வருகிற சனிக்கிழமை மாலை அவனுக்கு நினைவுப் பூசை. பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க அவனைப் பற்றி ஒரு தாள் அச்சடிக்கிறார்கள். "நீங்கதானே அவனுக்க கூட்டுகாரன். நீங்களே எழுதித் தாங்க" என்றாள் ஷைனி. சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கூட்டுகாரன் என்பதை முதலில் திருத்த வேண்டும். அவன் காணாமல் போனபோது நாங்கள் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. இது உங்களில் பலருக்குத் தெரியாது. வேறு சிலதும் தெரியாது. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெனிஷ் குட்டை. தோள் மட்டும் அகலம். தலை எப்போதும் ஈரமாக இருக்கும். குளித்த ஈரமா கடல் ஈரமா என்று பக்கத்தில் போனால்தான் தெரியும். அவனுக்குப் பொய் சொல்ல வராது. எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையைத் தள்ளிப்போட வழி தேடி, பள்ளி மணியை அடிக்கிற இரும்புத் தடியை நாங்கள் இருவரும் ஒளித்துவைத்தோம். அப்போதைய தலைமை ஆசிரியர் எங்கள் வகுப்பையே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த கதையை அழகாகச் சொல்லித் தப்பித்தேன். அடுத்தவன் ஜெனிஷ். "தெரியும் சார். எங்க வீட்டுச் சாக்குல கெடக்கு. இவனும் நானும்தான் எடுத்தோம்" என்றான். வெயிலில் முட்டி போட்டிருந்தபோது, என்ன எதுக்குல சேத்த என்று பல்லைக் கடித்தேன். அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "கேட்டா பறயணும்லா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, "கேக்காட்டி பறயாண்டாம்" என்று சேர்த்துக்கொண்டான். கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் வேண்டாம்: அவனுடைய சட்டப் புத்தகம் மொத்தமும் இந்த இரண்டு வரிதான்.

சனிக்கிழமைகளில் சிப்பி எடுக்கப் போவோம். கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி இருக்கிற பாறைகள் உங்களுக்குத் தெரியும். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, உளியும் வலைப்பையுமாக முங்குவான். நான் மேலே பாறையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பேன். என்னிடம் வாட்ச் கிடையாது. அதனால் அவன் உள்ளே போனதும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்குவேன். இரண்டு முறை முழுதாகச் சொல்வதற்குள் மேலே வந்துவிடுவான். வராவிட்டால் மூன்றாவதைத் தொடங்கும்போதே கயிற்றை இழுக்க வேண்டும். இது நாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒருநாள் குளிருக்குப் பயந்து நான் ஜெபத்தை ஓட்டமாக ஓட்டி இழுத்துவிட்டேன். பாதிச் சிப்பியோடு மேலே வந்தவன், "மெதுவாச் சொல்லுல, மாதாவுக்கும் மூச்சு வாங்கும்லா" என்றான். கயிறு பிடிக்க ஆளில்லாமல் அவன் ஒருநாளும் பாறைக்குப் போனதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் முடிகிற சமயத்தில் நான் ஸ்பெஷல் கிளாசுக்கு மட்டம் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் படம் பார்க்கப் போனேன். என் அப்பா வழியில் ஜெனிஷைப் பார்த்து, லிபின் எங்கே என்று கேட்டார். சொல்லிவிட்டான். அன்றைக்கு வாங்கிய பெல்ட் அடியில் இரண்டு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவனிடம் சண்டைக்குப் போனேன். "ஒனக்க அப்பா கேட்டாருல்லா" என்றான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, குற்றவுணர்ச்சி இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. இனி எனக்க முகத்துல முழிக்காத என்று சொல்லிவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். என் பிறந்தநாளுக்கு, வேறு யாரையோ கயிறு பிடிக்க வைத்து எடுத்த ஒரு பை சிப்பியைச் சுத்தம் செய்து என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தொடமாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். எல்லோரும் எழுந்து போன பிறகு சட்டியோடு எடுத்துத் தின்றேன். அப்போதும் அவனோடு பேசவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் என் எதிரே வந்து நின்றான். "சனியாழ்ச்ச சிப்பிக்கு வரியா? கயிறு பிடிக்க ஆளில்ல. கடலும் ஒரு மாதிரி கெடக்கு" என்றான். நான் பூட்டைத் திறந்து, சைக்கிளைத் திருப்பி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிப் போய்விட்டேன். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். கேட்டால் சொல்ல வேண்டும் என்று வாழ்ந்தவனுடைய கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் அம்மா ஸ்டெல்லா மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன் விற்றுவிட்டு வந்த கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. காலையில் மாமி சந்தைக்குப் போனபோது தூங்கிக்கொண்டிருந்தவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. "ஒனக்குத் தெரியாம அவன் எங்கயும் போகமாட்டான் மக்கா. எங்க போறேன்னு பறஞ்சான்?" என்றார். என் அப்பா பக்கத்தில் நின்றார். எனக்குத் தெரியும். பாறை என்று சொன்னால் அடுத்த கேள்வி, நீ ஏன் போகவில்லை என்பதாக இருக்கும். "கொச்சிக்குன்னு பறஞ்சான் மாமி. அப்பாவப் பாக்க" என்றேன். அவன் அப்பா அப்போது கொச்சியில் போட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமியின் முகம் தெளிந்தது. கூடையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பொய்யைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாறைப் பக்கம் ஒரு வள்ளத்தை விடலாம் என்று அன்றைக்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஜெனிஷ் தனியாகச் சிப்பிக்குப் போகமாட்டான், கயிறு பிடிக்கிற பையனோ வீட்டில் இருக்கிறான். நான் வீட்டில் இருந்ததே அவனைத் தேடாமல் விடக் காரணமாகிவிட்டது. மறுநாள் காலை உங்களில் மூன்று பேர் கொச்சிக்கு ரயில் ஏறினீர்கள். அவன் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, பதினோரு நாள் துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கினீர்கள். நான் அந்தப் பதினோரு நாளும் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையில் ஒரு வலைப்பை அகப்பட்டு வந்தது. பச்சைப் பை, வாய்ப்பக்கம் நீல நைலானால் தைத்தது. தைத்தது நான். கரையில் கூட்டம் கூடியது. மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது பழசு. இத எறிஞ்சுபோட்டுத்தான் கொச்சிக்குப் போனான். லிபினுகிட்ட பறஞ்சிருக்கானே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையாட்டினேன்.

ஆத்துமாக்கள் திருநாளில் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி வைப்போம். கடலில் போய், உடல் கிடைக்காதவர்களுக்குப் பெரிய சிலுவையின் அடியில் வைப்பார்கள். மாமி ஏழு வருடமும் தன் மாமனார் மாமியார் கல்லறையில் திரி வைத்துவிட்டு, சிலுவைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்து போனார். ஜெனிஷுக்கும் ஒன்று வையேன் என்று சொன்னவர்களிடம், "உயிரோட இருக்கவனுக்கா?" என்று சண்டை போட்டார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைத் தேடி வந்து, "வேற ஒண்ணும் பறயல்லியா அவன்?" என்று கேட்பார். நானும் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொடுத்தேன். வலைக் கடையில் வேலை கிடைக்கும் என்றான், பணம் சேர்த்துவிட்டுத்தான் வருவேன் என்றான், இப்படி. இதை எழுதும்போது எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மாமி மடியில் வைத்திருந்தார். அவன் அப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வலையில் ஓடிய கை நின்றுவிட்டது. மாமி அழவில்லை.

"ஏழு வருசம். எனக்க பிள்ளைக்கு ஒரு திரி வைக்க விடல்லியே நீ" என்றார்.

மடியிலிருந்த உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, வேறு ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல, "நீ போகாத அன்னிக்கு அவன் கயிற எதுல கெட்டியிருப்பான்?" என்று கேட்டார்.

தெரியாது மாமி என்றேன். உண்மையாகவே தெரியாது. மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை. வேலிப் படலை வரை கூட வந்த ஷைனியிடம், அந்தத் தாளை வேறு யாராவது எழுதட்டும் என்றேன். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அம்ம ஒங்களத்தான் எழுதச் சொல்லுதா. இதையும் சேத்து எழுதணுமாம்" என்றாள்.

எழுதிவிட்டேன். கொச்சிக்குப் போன மூன்று பேரிடமும், கொச்சியிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒருநாளும் போட்டில் ஏறாத அவன் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பூசை முடிந்ததும் மாமி பெரிய சிலுவையின் அடியில் முதல்முறையாக அவனுக்குத் திரி வைப்பார். நான் பின்னால், கடைசி ஆளாக நிற்பேன். என்னோடு பேச விருப்பமில்லாதவர்கள் பேச வேண்டாம்.

அவனுடையது என்று என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. இருப்பது அந்த ஜெபம் மட்டும்தான். லிஃப்டுக்கு நிற்கும்போதும், சிக்னலில் பஸ் நிற்கும்போதும், ஆஸ்பத்திரியில் யாருக்காவது காத்திருக்கும்போதும் வாய் தானாக அதைத் தொடங்கிவிடுகிறது. அவன் சொன்னபடி மெதுவாகத்தான் சொல்கிறேன். முதலாவது முடியும், இரண்டாவதும் முடியும். மூன்றாவது தொடங்கும்போது என் வலது கை கயிற்றை இழுக்க இறுகி மூடிக்கொள்ளும்.