மஞ்சள் தடவிய விண்ணப்பங்கள்

பள்ளி முடித்ததும் மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்த கம்பெனிகளுக்கெல்லாம் வேலை கேட்டு நானாகவே கடிதம் எழுதினேன். விளம்பரம் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் ஒரு பதிலும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் பஸ் ஏறி, ஒரு டயர் கம்பெனிக்கே போய் விசாரித்தேன். வரவேற்பு மேசையில் தமிழ் அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மஞ்ச பூசுன கவர் ஒங்களோடதா தம்பி? கறிக் கொழம்பு கொட்டிருச்சுன்னு, தபால் பாக்குற சீனக் கிராணி பிரிக்காமலே குப்பையில போட்டுட்டாரு லா!"

நல்ல காரியமாயிற்றே என்று ஒவ்வோர் உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தந்தவர் அம்மா. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"மஞ்ச இல்லாம அனுப்புனா சாவு சேதின்னு நெனைக்க மாட்டாங்களா?"

அம்மா உண்மையாகவே பயந்தார். இருந்தாலும் என் வேலைக்காகக் கையைக் கழுவிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். வெறும் வெள்ளை உறையில், மேனேஜரின் பெயர் போட்டு, புதிய கடிதம் போனது.

நேர்காணலுக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. நான் குதித்தேன். அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தடவலையே. நல்ல சேதிதானாடா?"